இரண்டு இணைப்பு இருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் கூட்டுறவு வங்கிக்கு இரண்டு நிறுவனங்களிடம் இணைய இணைப்பு வாங்கிவிட்டோம். இனி நெட்வொர்க் படுக்காது என்று நம்பலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: நம்பாதீர்கள். 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40-க்கு வர்த்தகம் நின்றது. மீண்டும் தொடங்கியபோது மாலை 3.45. அங்கும் இரண்டு நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தன. வழியில் நடந்த தோண்டும் வேலையே இணைப்புகள் தடுமாற முக்கியக் காரணம் என்று சந்தை நிர்வாகம் விளக்கியது. ஆகவே, இரண்டு கேபிள்களும் எந்தத் தெரு வழியாக வருகின்றன, கட்டடத்துக்குள் எங்கே நுழைகின்றன என்று வரைபடம் கேட்டு வாங்குங்கள். ஒரே பள்ளத்தில் வந்தால் அது ஒரே இணைப்புதான்.

ரவுட்டர், ஃபயர்வால், சுவிட்ச் மூன்றும் இரட்டையாக இருக்கட்டும். தனித்தனி யுபிஎஸ்ஸில் ஓடட்டும்.

இதைவிட முக்கியமானது ஒத்திகை. 2020 அக்டோபர் 1 அன்று டோக்கியோ பங்குச் சந்தையில் ஒரு சேமிப்புக் கருவியின் மெமரி பழுதானது. மாற்றுக் கருவி தயாராக நின்றும், செட்டிங் பிழையால் வேலை தானாக அதற்கு மாறவில்லை. அன்று முழுக்க வர்த்தகமே இல்லை. அடுத்த விடுமுறை நாளில், தொழில்நுட்ப ஊழியர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதன்மை ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.