முதுகோடு ஒட்டிய பை

திருவொற்றியூரிலிருந்து காசிமேடு வரை விடியற்காலையில் ஓடுவது என் வழக்கம். மலைப்பாதை ஓட்டத்துக்குப் பழக வேண்டும் என்று, வீட்டிலிருந்த 30 லிட்டர் பையில் இரண்டு தண்ணீர் பாட்டில்களைப் போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எட்டு வைக்கும்போதெல்லாம் பை மேலே எழும்பி இடுப்பில் இடித்தது. மீன்பிடித் துறைமுகத்து வாசலில் ஒரு அம்மா நிறுத்திக் கேட்டார்: “இன்னா தம்பி, நீ ஒரு பக்கம் ஓடுற, பை ஒரு பக்கம் ஓடுது? சொமை ஒடம்போட ஒட்டணும்.”

அவர் தலையில் சும்மாடு, அதன்மேல் மீன் நிறைந்த அன்னக்கூடை. ஏலக்கூட்டத்துக்குள் புகுந்து போனார், கூடை அசையவில்லை.

அவர் சொன்னதன் அருமை குடியம் குகைப் பாதையில்தான் எனக்கு உறைத்தது. நம் எண்ணூரில் கடலைச் சேரும் கொசஸ்தலையாற்றுக்குப் பூண்டியில் அணை. குகை அதற்கும் அப்பால், முள்காட்டுக்குள். வனத்துறை 2024-இல் திறந்துவிட்ட மலையேற்றப் பாதைகளில் இதுவும் ஒன்று. வழியெங்கும் உருண்டைக் கற்கள். கால் ஒரு கல்லில் லேசாகப் பிரளும். பையின் ஆட்டம் உடம்பை அதே பக்கம் இழுக்கும். திரும்பியபோது தோள் இரண்டும் கன்றிப்போயிருந்தன.

அதன்பின் பை வாங்குவதில் நான் பின்பற்றுபவை இவை:

முதுகை அளந்துகொள்ளுங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பு முதல், இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை. ஒரே உயரமுள்ள இருவருக்கும் இந்த அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

தேவைக்கு மேல் பெரிய பை வேண்டாம். ஓடுவதற்கு 5 முதல் 12 லிட்டர், வேக நடைக்கு 15 முதல் 20 லிட்டர் எனக்குப் போதும். பாதி காலியான பையில் பொருள்கள் உருளும். பக்கவாட்டு வார்களை இழுத்து அதைச் சுருக்கிவிட வேண்டும்.

கனமானதை முதுகெலும்பை ஒட்டி வையுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே இருந்தால் நல்லது. ஓடும்போது தண்ணீரை நெஞ்சுப் பக்கத்து மென்குடுவைகள் இரண்டில் பிரித்துவிடுகிறேன். முதுகில் தண்ணீர்ப் பை வைப்பவர்கள் அதைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றைக் குழாய் வழியே உறிஞ்சி எடுத்துவிட்டால் தளும்பாது.

நெஞ்சு வாரைக் கவனியுங்கள். சற்றே இழுபடும் வாராக இருக்கட்டும். மாட்டியபின் மூச்சை நிறைய இழுத்துப் பாருங்கள். விலா விரிய இடம் வேண்டும்.

கடையிலேயே எடை ஏற்றிப் பாருங்கள். வெறும் பை எல்லோருக்கும் பொருந்தும். இரண்டு லிட்டர் தண்ணீரை உள்ளே வைத்து இருபது முறை குதியுங்கள், குனியுங்கள், இடுப்பைத் திருப்புங்கள். கழுத்தில் உரசினாலோ முதுகில் தட்டினாலோ அதை எடுக்காதீர்கள்.

உப்பைக் கழுவுங்கள். நம் பக்கத்துக் கடற்காற்றும் வியர்வையும் ஜிப்பை இறுக்கிவிடும். ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துகிறேன்.

புதுப் பையை நேரே மலைக்குக் கொண்டுபோகாமல், ஒரு வாரம் முழுச் சுமையோடு நம் கடற்கரை மணலில் ஓடிப் பார்த்தேன். பிறகு மறுபடி குடியம். இந்த முறை என் கண் முழுக்கக் காலடிக் கற்களிலேயே இருந்தது. குகை நிழலில் உட்கார்ந்து சாய்ந்தபோதுதான் முதுகில் பை இருப்பதே நினைவுக்கு வந்தது.