பித்தளைக் குழாயும் போர் தண்ணீரும்

சமையலறைக்குக் குழாய் வாங்கப் போகிறேன், என்ன ஃபினிஷ் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். உங்கள் வீட்டில் என்ன தண்ணீர்? பாத்திரம் தேய்ப்பது யார்? இரண்டும் தெரிந்த பிறகு கேட்லாக்கைப் புரட்டினால் போதும்.

எங்கள் வீடு வேளச்சேரியில். சம்பில் மெட்ரோ தண்ணீர் இருந்தாலும் சிங்க்கில் வருவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 600 வரை. நம் ஊர் போர்கள் பலவற்றில் இதெல்லாம் சர்வசாதாரணமாகத் தாண்டிப் போகும். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு குழாய் மேல் காய்ந்தால் போதும், வெள்ளை வட்டம் விழுந்துவிடும். ஆர்ஓ கழிவுத் தண்ணீரைக் கொட்ட மனசு வராமல் அதிலேயே சிங்க்கைக் கழுவுகிறவர்கள் உண்டு. நல்ல பழக்கம்தான், ஆனால் வடிகட்டியில் தங்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. குழாயைக் கடைசியாக ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

பாரிமுனைப் பக்கம் சானிட்டரி கடைகளில் எதைக் காட்டினாலும் “எல்லாமே பிராஸ்தான் மேடம்” என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. வெள்ளி போல மின்னும் குரோம் குழாய்க்கு உள்ளே இருப்பதும் பித்தளைதான். அதன் மேல் நிக்கல், நிக்கல் மேல் ஒரு மைக்ரான்கூடத் தேறாத குரோம். சந்தேகமாக இருந்தால் பைப்பில் மாட்டும் முனையைத் திருப்பி உள்ளே எட்டிப் பாருங்கள். பூச்சு அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறமாக இருந்து, கைக்கும் லேசாக இருந்தால் துத்தநாகக் கலவையாக இருக்கலாம், வேண்டாம். சிலர் காந்தத்தோடு கிளம்புவார்கள். அது இரண்டிலுமே ஒட்டாது.

குரோமைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உழைக்கும், அழகு பற்றி யாரும் பேச மாட்டார்கள், உப்புக்கறை மட்டும் பளிச்சென்று தெரியும். சிக்கலெல்லாம் மஞ்சள் நிறக் குழாய் வேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் ஆரம்பிக்கிறது. கடையில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில் நிற்கும் மூன்று குழாய்கள் மூன்று வேறு சாமான்கள்: பூச்சே இல்லாத வெறும் பித்தளை, மேலே லேக்கர் அடித்த பித்தளை, பிவிடி கோட்டிங் போட்டது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, லேக்கர் குழாய் இருந்த காலத்தில் ஒரு நாள் கேட்டார்: “விளக்குக்குப் போடற அதே புளிதானேம்மா, இதுக்கு மட்டும் ஏன் போடக் கூடாதுங்கறீங்க?” நியாயமான கேள்வி. குத்துவிளக்கில் புளி தொடுவது பித்தளையை. அதிலுள்ள அமிலம் கறுப்பைக் கரைத்து எடுத்துவிடுகிறது. லேக்கர் குழாயில் புளியும் நாரும் தொடுவது வார்னிஷ் மாதிரியான ஒரு மெல்லிய படலத்தை. அங்கே கரைக்க எதுவும் இல்லை, கீறத்தான் முடியும். கீறல் விழுந்த இடத்தில் தண்ணீர் படலத்துக்கு அடியில் புகுந்துவிடும். பிறகு உள்ளே கறுப்புப் புள்ளி, ஓரமாகக் களிம்பு. மேலே எவ்வளவு துடைத்தாலும் போகாது. கை அதிகம் படும் கைப்பிடியிலும் தண்ணீர் தேங்கும் அடிவளையத்திலும்தான் இது முதலில் ஆரம்பிக்கும். அதனால்தான் உப்புத் தண்ணீர் ஓடும் சிங்க்குக்கு லேக்கர் வேண்டவே வேண்டாம் என்பேன். ஏற்கெனவே மாட்டியிருந்து உரியத் தொடங்கியிருந்தால், ஒட்டுப் போடாமல் அசிட்டோன் தொட்ட துணியால் மிச்சத்தையும் துடைத்தெடுத்துவிட்டு வெறும் பித்தளையாகவே வைத்துக்கொள்ளலாம். அப்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

லேக்கர் இருக்கிறதா என்று தெரியாவிட்டால், கண்ணில் படாத பின்பக்கத்தில் துளி பிராசோ தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் வெறும் பித்தளை. துணி சுத்தமாகவே இருந்தால் மேலே படலம் இருக்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெறும் பித்தளை எனக்குப் பிடிக்கும். ஆனால் அது கடையில் பார்த்த நிறத்தில் நிற்காது. முதலில் மங்கும், பிறகு பழுப்பாகும், விரல் பட்ட இடமெல்லாம் தனித்தனியாகத் தெரியும். அதை ரசிக்கத் தெரிந்தவர் வாங்கலாம். வாராவாரம் பளபளக்க வேண்டும் என்பவர், தேய்க்கப் போவது தானா இன்னொருவரா என்று யோசித்துவிட்டு வாங்கலாம். இதற்குப் புளி தாராளமாகப் போடலாம். புளியைக் குழாயிலேயே அப்பிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடக் கூடாது. நேரம் கூடினால் மஞ்சள் போய்ச் செம்பு நிறம் தட்டும். தேய்த்த கையோடு அலசி, அடிவளையம்வரை ஈரம் போகத் துடைக்க வேண்டும். அந்த இடுக்கில் புளித் தண்ணீர் தங்கினால் நாலு நாளில் பச்சை பூத்துவிடும். மேலே தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. தாளிக்கும் புகையும் தூசியும் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். காருக்குப் போடும் மெழுகை மெல்லிசாகத் தடவுவது மேல்.

மஞ்சள் நிறமும் மாறக் கூடாது, தேய்க்கவும் ஆளில்லை என்றால் பிவிடிதான். வெற்றிட அறைக்குள் சிர்கோனியம் நைட்ரைடு போன்ற கடினமான சேர்மத்தை உலோகத்தின் மேல் படியவைக்கிறார்கள். எளிதில் கீறல் விழாது, கறுக்காது. விலை கூடுதல். ‘கோல்டு ஃபினிஷ்’ என்று எழுதியிருப்பதெல்லாம் பிவிடி அல்ல என்பதால் பெட்டியில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி அட்டையையும் படியுங்கள். குழாய்க்கு ஒரு காலம், பூச்சுக்கு வேறொரு காலம் என்று பிரித்துப் போடுவது இந்த வியாபாரத்தில் வழக்கம்.

எந்த ஃபினிஷ் ஆனாலும் ஆகாத ஒன்று உண்டென்றால் அது பாத்ரூம் ஆசிட். அதன் ஆவியே போதும். பாட்டிலைச் சிங்க்குக்கு அடியில் வைத்தால் மூடி இடுக்கில் கசியும் புகையில் ஆங்கிள் காக்கும் கனெக்‌ஷன் பைப்பும் அரித்துப் போகும். புது வீட்டில் டைல்ஸ் ஒட்டி, ஆசிட் போட்டுக் கழுவி முடிக்கும்வரை நல்ல குழாயைப் பெட்டியிலிருந்தே எடுக்காதீர்கள். அதுவரை பிளாஸ்டிக் குழாய் போதும்.

உப்பு அடைத்துத் தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சினால் நுனியிலிருக்கும் ஏரேட்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் வலையை மட்டும் வினிகரில் கொஞ்ச நேரம் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தட்டினால் வெள்ளைத் துகள் உதிர்ந்துவிடும். கையால் கழலாவிட்டால் பிளம்பர் ஸ்பேனரை எடுப்பார். அவர் வைக்கும் முன்பே நீங்கள் ஒரு துணியைச் சுற்றிவிடுங்கள். “ஒண்ணும் ஆகாதும்மா” என்றுதான் சொல்வார், சுற்றிவிடுங்கள். ஸ்பேனர் பல் பதிந்த தடத்துக்குப் புளியும் கிடையாது, பிராசோவும் கிடையாது.