மாத அறிக்கையைத் தாங்கும் ஜாவா சர்வர்: அமைப்பும் பழுதறிதலும்

கிராம சுகாதாரச் செவிலியர் தம் பதிவேட்டில் குறிக்கும் தடுப்பூசி எண்ணிக்கை, மாதந்தோறும் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்னும் படிகளைக் கடந்து தலைநகரை அடைகின்றது. தடுப்பு மருந்து எவ்வளவு அனுப்பப்படவேண்டும், எவ்வூர்களில் குழந்தைகள் விடுபட்டுள்ளனர் என்பன போன்ற முடிவுகளுக்கு அவ்வெண்ணிக்கையே ஆதாரமாகும். முன்னர்க் காகிதத்தில் சென்ற அது, இன்று இணையத்தின் வழியே ஒரு சர்வரைச் சென்றடைகின்றது. சர்வர் நின்றுவிடின் அறிக்கை சேராது. சேராத அறிக்கைக்குரிய நிலையம் 'அறிக்கை அனுப்பாத நிலையம்' என்று பட்டியலில் இடம்பெறும். இயந்திரத்தின் குற்றம் இவ்வாறு மனிதரின் குற்றமாகத் தோன்றுதல் கூடாது. அதன் பொருட்டு, இத்தகைய சர்வரை அமைக்கும் முறையையும், அது தடைப்படும்போது தடை எவ்விடத்தில் உள்ளது என்று கண்டறியும் முறையையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

பின்னணி

புது தில்லியில் முனிர்காப் பகுதியில் தேசிய சுகாதார மற்றும் குடும்ப நல நிறுவனம் அமைந்துள்ளது. சுகாதார நிர்வாகத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் தனித்தனியே இயங்கிய இரு நிறுவனங்கள் இணைக்கப்பெற்று, 1977-ஆம் ஆண்டில் இது தோன்றியது. சுகாதாரத் துறையினருக்குப் பயிற்சி அளித்தலும் ஆராய்ச்சி நடத்துதலும் இதன் பணிகளாகும். கணினியில் பதிவான தாய் சேய் விவரங்களைத் தொலைபேசி வாயிலாக விசாரித்துச் சரிபார்க்கும் மையம் ஒன்று 2014-ஆம் ஆண்டில் இந்நிறுவனத்தில் நிறுவப்பெற்றது. புள்ளிவிவரம் மெய்யானதா என்று அறிவதற்கு எத்துணை முயற்சி தேவைப்படுகின்றது என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆனால், அப்புள்ளிவிவரம் முதற்கண் வந்து சேர்ந்தால்தான் அதனைச் சரிபார்த்தல் இயலும்.

சுகாதார அறிக்கைகளைத் திரட்டும் கணினிப் பயன்பாடுகளுள் டி.எச்.ஐ.எஸ். என்பது உலகறிந்த ஒன்று. இதன் முதற்பதிப்பு தென்னாப்பிரிக்காவில் 1990-களில் உருவாயிற்று. அதனை அடுத்த இரண்டாம் பதிப்பு, நார்வே நாட்டின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் ஜாவா மொழியில் புதிதாக எழுதப்பெற்று, 2006-ஆம் ஆண்டில் முதன்முதலாக நம் நாட்டின் கேரள மாநிலத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகள் இதனை மேற்கொண்டன. இதன் மூலநிரலை எவரும் கட்டணமின்றிப் பெற்றுப் பயிலலாம். ஆதலின் இப்பாடத்துக்கு இதுவே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

நான்கு அடுக்குகள்

செவிலியர் தம் கணினியில் 'சேமி' என்னும் பொத்தானை அழுத்தியவுடன், அவருடைய வேண்டுகோள் நான்கு அடுக்குகளைக் கடக்கின்றது. முதலாவது, அவருடைய பிரௌசர். இரண்டாவது, வேண்டுகோள்களை வாயிலில் நின்று பெற்று உள்ளே அனுப்பும் முன்சர்வர். இதற்கு என்ஜின்எக்ஸ் என்னும் மென்பொருள் பெரிதும் பயன்படுகின்றது. மூன்றாவது, ஜாவாப் பயன்பாட்டைத் தன்னுள் வைத்து இயக்கும் டாம்கேட். இது சன் நிறுவனத்தில் உருவாகி, 1999-ஆம் ஆண்டில் அப்பாச்சி அமைப்புக்கு அளிக்கப்பெற்றது. நான்காவது, எண்களை நிலையாகச் சேமித்து வைக்கும் தரவுத்தளம், டி.எச்.ஐ.எஸ்.-2 பயன்படுத்துவது போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளமாகும்.

அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவை இதற்கு ஒப்பிடலாம். வாயிற்காவலர், சீட்டுக் கொடுப்பவர், மருத்துவர், மருந்தகம் என்று நால்வரையும் கடந்தே நோயாளி மருந்து பெறுகின்றார். மருந்தகத்தில் ஒரே ஒருவர் பணியாற்றினால், வரிசை மருந்தகத்தில் தொடங்கி வாயில்வரை நீளும். வாயிலில் நிற்பவருக்கு வாயிலே அடைபட்டதாகத் தோன்றும். தடை தோன்றும் இடம் வேறு, தடை உள்ள இடம் வேறு என்னும் இவ்வுண்மையே பழுதறிதலின் முதற்பாடமாகும்.

அமைக்கும் முறை

1. பதிப்புப் பொருத்தம்: ஜாவா, டாம்கேட், பயன்பாடு ஆகிய மூன்றின் பதிப்புகளும் ஒன்றற்கொன்று பொருந்துதல் வேண்டும். டாம்கேட் 9 வரை 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய உட்பெயர்கள், டாம்கேட் 10 முதல் 'ஜகார்த்தா' என்று மாற்றப்பெற்றன. பழைய பெயர்களை நம்பி எழுதப்பெற்ற பயன்பாட்டைப் புதிய டாம்கேட்டில் அப்படியே வைப்பின் அது தொடங்காது. ஆதலின் பயன்பாட்டின் கையேட்டில் கூறப்பட்ட பதிப்பையே நிறுவுதல் வேண்டும்.

2. பயனர் உரிமை: டாம்கேட்டை ரூட் என்னும் முழு அதிகாரமுள்ள பயனரின் பெயரில் இயக்குதல் ஆபத்தானது. அதற்கெனத் தனிப் பயனர் ஒருவரை ஏற்படுத்துதல் வேண்டும். தரவுத்தளத்தின் கடவுச்சொல் அமைப்புக் கோப்பில் எழுதப்படுவதால், அக்கோப்பினை அப்பயனர் ஒருவரே படிக்குமாறு உரிமையை வரையறுத்தல் வேண்டும்.

3. போர்ட் எண்: டாம்கேட் இயல்பாக 8080 என்னும் போர்ட் எண்ணில் வேண்டுகோள்களை எதிர்நோக்குகின்றது. அவ்வெண்ணை வேறொரு மென்பொருள் முன்னரே கைக்கொண்டிருப்பின் டாம்கேட் அதனைப் பெற இயலாது. வெளியுலகுக்கு முன்சர்வரின் 443 என்னும் பாதுகாப்பான போர்ட் மட்டுமே திறந்திருத்தல் நன்று.

4. நினைவகம்: வேறு கட்டளை இல்லாதபோது, கணினியின் நினைவகத்தில் நான்கில் ஒரு பங்கினையே ஜாவா தன் பொருள்களுக்கு உச்ச அளவாகக் கொள்ளும். 8 கிகாபைட் கணினியில் இது 2 கிகாபைட் ஆகும். இவ்வளவைத் தேவைக்கேற்ப உயர்த்தலாம். ஆனால், தரவுத்தளமும் அதே கணினியில் இருப்பின் அதற்குரிய பங்கை விட்டுவைத்தே உயர்த்துதல் வேண்டும்.

5. எழுத்துக் குறியீடு: தரவுத்தளத்தை உருவாக்கும்போதே யு.டி.எஃப்.-8 என்னும் குறியீட்டைத் தெரிவு செய்தல் வேண்டும். பின்னர் அதனை அவ்விடத்திலேயே மாற்ற இயலாது. டாம்கேட் 8 முதல் முகவரி வரியும் இக்குறியீட்டிலேயே படிக்கப்படுகின்றது. அதற்கு முந்தைய பதிப்புகளில் தனியே குறிப்பிட வேண்டியிருந்தது. குறியீடு தவறினால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். அவ்வாறு சேமிக்கப்பட்டவற்றிலிருந்து மூல எழுத்துகளை மீட்க வழியில்லை.

6. நேரம்: பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முற்பட்டது. காலை 11 மணிக்கு நேர்ந்த தடை அத்தகைய சர்வரின் பதிவேட்டில் 5.30 என்றே காணப்படும். முதல் தேதி அதிகாலை 5 மணிக்கு அனுப்பிய பதிவு, முந்தைய மாதத்தின் இறுதி நாளில் விழவும் கூடும்.

எண்களின் இணக்கம்

சர்வரை அமைப்பவர் தனி எண்களைக் காட்டிலும் அவற்றிடையே உள்ள உறவையே கருதுதல் வேண்டும். டாம்கேட் இயல்பாக 200 இழைகள்வரை பணியில் ஈடுபடுத்தும். இழை என்பது ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோளைக் கவனிக்கும் பணியாளைப் போன்றது. டி.எச்.ஐ.எஸ்.-2 தரவுத்தளத்தோடு வைத்துக்கொள்ளும் இணைப்புகளின் இயல்பான உச்ச அளவு 80. போஸ்ட்கிரஸ் இயல்பாக ஏற்கும் மொத்த இணைப்புகள் 100. அவற்றுள்ளும் மூன்று நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டவை.

மாதத் தொடக்கத்தில் எல்லா நிலையங்களும் ஒரே நாளில் அறிக்கை அனுப்புவதாகக் கொள்வோம். அதே வேளையில் மேலதிகாரிகள் சிலர் ஆண்டு முழுவதற்குமான ஒப்பீட்டுப் பட்டியலைக் கேட்கின்றனர். அப்பட்டியலைத் தொகுக்கும் வினவல் ஒவ்வொன்றும் ஓர் இணைப்பைப் பல நிமிடங்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றது. சிறிது நேரத்தில் 80 இணைப்புகளும் தீர்ந்துவிடுகின்றன. சேமிக்க வந்த வேண்டுகோள்கள் இணைப்புக்காகக் காத்திருக்க, அவற்றைச் சுமந்த இழைகளும் உடன் காத்திருக்கின்றன. 200 இழைகளும் இவ்வாறு முடங்கிய பின்னர், உள்நுழையும் பக்கம்கூடத் திறப்பதில்லை. ஆயினும் கணினியின் செயலகம் ஓய்ந்தே காணப்படலாம்.

இந்நிலையில் இழைகளை 400 ஆக உயர்த்தினால் காத்திருப்போர் தொகை பெருகுமேயன்றிப் பணி விரையாது. இணைப்புகளை 150 ஆக உயர்த்தினால் போஸ்ட்கிரஸ் தன் 100 என்னும் எல்லையைக் காட்டி மறுக்கும். அவ்வெல்லையையும் உயர்த்தினால், கடினமான வினவல்கள் இன்னும் பல ஒரே வேளையில் ஓடி ஒன்றையொன்று தாமதப்படுத்தும். மெய்யான பரிகாரம், நீண்ட வினவலைக் கண்டறிந்து அதற்குரிய அட்டவணைக்குச் சுட்டுவரிசை அமைத்தலும், பட்டியல்களுக்கான தொகுப்புப் பணியை இரவில் நடைபெறச் செய்தலுமே ஆகும். பழுதின் இடம் அறியாமல் மாற்றிய எண், பழுதை நீக்காது, வேறிடத்துக்கு நகர்த்தும்.

பழுதறியும் முறை

தடை நேர்ந்தவுடன் சர்வரை நிறுத்தித் தொடங்குதல் பலருக்குப் பழக்கமாகியுள்ளது. இதனால் பணி மீண்டும் நடைபெறலாம்; ஆனால் சான்றுகள் அழிந்துபோகும். அடுத்த மாதம் அதே தடை அதே நாளில் மீண்டும் வரும். ஆதலின் முதலில் சான்றுகளைத் திரட்டி, அதன் பின்னரே மறுபடி தொடங்குதல் வேண்டும்.

முதற்சான்று, திரையில் தோன்றும் எண்ணாகும். 502 எனில், முன்சர்வர் இயங்குகின்றது, டாம்கேட்டிடமிருந்து முறையான மறுமொழி இல்லை. பெரும்பாலும் டாம்கேட் நின்றிருக்கும். 504 எனில், டாம்கேட் இயங்கியும் குறித்த காலத்துக்குள் விடை வரவில்லை. என்ஜின்எக்ஸ் இயல்பாகக் காத்திருக்கும் காலம் 60 விநாடி. 500 எனில், வேண்டுகோள் பயன்பாட்டினுள் சென்று அங்கே பிழை நேர்ந்துள்ளது. எல்லாப் பக்கங்களுக்கும் 404 வருமாயின், டாம்கேட் இயங்கியும் பயன்பாடு அதனுள் தொடங்கவில்லை என்று ஐயுறலாம்.

இரண்டாவது சான்று, லாக் எனப்படும் நிகழ்ச்சிப் பதிவேடு. டாம்கேட்டின் 'கேட்டலினா' பதிவேட்டில் பிழை ஒன்று பல பத்து வரிகளாக விரிந்து கிடக்கும். அவற்றுள் 'காஸ்ட் பை' என்னும் சொற்களோடு தொடங்கும் வரிகளில் இறுதியானதையே முதலில் படித்தல் வேண்டும். மூலகாரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பதிவேடு எவ்விதப் பிழையும் காட்டாது திடீரென நின்றிருப்பின், நினைவகப் பற்றாக்குறையால் லினக்ஸ் தானே ஜாவாவை அகற்றியிருத்தல் கூடும். அதன் குறிப்பு லினக்ஸின் சொந்தப் பதிவேட்டில் கிடைக்கும். வட்டு நிறைந்துள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும். 'கேட்டலினா' வெளியீட்டுக் கோப்பு பல நிறுவல்களில் தானாகச் சுருங்குவதில்லை; கவனியாது விடின் அதுவே வட்டை நிரப்பித் தரவுத்தளத்தையும் நிறுத்திவிடும்.

மூன்றாவது சான்று, இழைகளின் நிலைப்படம். ஜே-ஸ்டாக் என்னும் கருவியால் எல்லா இழைகளும் அக்கணத்தில் எங்கு நிற்கின்றன என்பதை எழுதிப் பெறலாம். பத்து விநாடி இடைவெளியில் மூன்று முறை பெற்று ஒப்பிடுதல் வேண்டும். மூன்றிலும் பெரும்பாலான இழைகள் இணைப்புக்காக ஒரே இடத்தில் காத்திருப்பின், தடை டாம்கேட்டில் இல்லை. அதற்கு அப்பால் தரவுத்தளத்தின் பக்கம் உள்ளது.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

சர்வரைத் தொடும் உரிமை இல்லாத களப்பணியாளரும் பழுதறிதலில் பெரும் பங்கு கொள்ளலாம். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் தெரிவிக்காமல், நேர்ந்த மணி, திரையில் கண்ட எண், திறந்திருந்த பக்கம், அருகிலுள்ள நிலையங்களிலும் அவ்வாறே நேர்ந்ததா என்னும் நான்கினையும் எழுதி அனுப்பினால், நிர்வாகியின் தேடல் பெரிதும் குறையும். அக்குறிப்பு, அறிக்கை குறித்த நாளில் அனுப்ப முயன்றமைக்குச் சான்றாகவும் நிற்கும்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. 504 என்னும் எண் தோன்றியபோதிலும், உள்ளே சேமிக்கும் பணி நிறைவேறியிருத்தல் கூடும். விடை மட்டுமே வழியில் நின்றிருக்கும். ஆதலின் பக்கத்தை மீண்டும் திறந்து, பதிவு உள்ளதா என்று பார்த்த பின்னரே மறுமுறை பதிதல் வேண்டும். இல்லையேல் ஒரு குழந்தை இரு குழந்தைகளாகப் பதிவாகவும் கூடும்.

பயிற்சி வினாக்கள்

1. எல்லா நிலையங்களிலும் 502 தோன்றுகின்றது. எந்த அடுக்கினை முதலில் ஆராய்தல் வேண்டும்? ஏன்?
2. இழைகள் 200, இணைப்புகள் 80, தரவுத்தள எல்லை 100 என்று இருக்கையில், இழைகளை மட்டும் இருமடங்காக்கினால் விளைவது யாது?
3. உலகப் பொது நேரத்தில் இயங்கும் சர்வரில், பிற்பகல் 2.45 மணிக்கு நேர்ந்த தடையைப் பதிவேட்டில் எம்மணிக்குத் தேடுதல் வேண்டும்?
4. சர்வரை மறுபடி தொடங்குமுன் திரட்டவேண்டிய மூன்று சான்றுகள் யாவை?