திருப்புளியைக் கடைசியில் எடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். லிட்டருக்கு 60 கொடுத்த ஸ்ப்ளெண்டர் இப்போது 45ஐத் தாண்டவில்லை. மெக்கானிக் ஒருவர் ‘மைலேஜ் செட்டிங்’ என்று கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பிவிட்டார். அதிலிருந்து ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சர் படபடவென்று வெடிக்கிறது, காலையில் சோக் போடாமல் ஸ்டார்ட் ஆவதில்லை, இன்ஜினும் சூடேறுகிறது. இதுதானே? அவர் பெட்ரோலைக் குறைத்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. மைலேஜ் கூடியதா என்று கேட்டால் அவரிடமும் பதில் இருக்காது, உன்னிடமும் கணக்கு இல்லை.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்த பிறகு ஸ்ப்ளெண்டரும் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டது. அதில் எவ்வளவு பெட்ரோல் என்பதை சென்சார் பார்த்துக் கணக்குப் போடுகிறது. உன் பழைய 97.2 சிசி வண்டிக்கு அப்படி ஒன்றும் கிடையாது, எல்லாம் காற்றின் வேலை. பிஸ்டன் இறங்கும்போது காற்றை இழுக்கிறது. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் அந்தக் காற்று வேகமெடுக்கிறது; வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் விழுகிறது. கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை வெளிக்காற்று அமுக்கி, ஜெட் துளை வழியாக மேலே ஏற்றித் தூவிவிடுகிறது. பெர்னூலி 1738இல் எழுதி வைத்த தத்துவம்தான். சென்னைக்குத் தெற்கே மறைமலை நகரில் யூக்கால் கம்பெனி, ஜப்பான் மிக்குனியோடு சேர்ந்து எத்தனையோ வண்டிகளுக்குச் செய்து கொடுத்த கார்புரேட்டருக்கும் இதே கதைதான்.

பெட்ரோல் முழுசாக எரிய, எடைக்கு எடை ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று என்று வைத்துக்கொள். அத்தனையும் உன் ஏர் ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும். டிப்பர் லாரி புழுதி கிளப்பும் சேதராப்பட்டு ரோட்டில் தினமும் ஓட்டுகிற நீ அதைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தாய்? அடைத்த ஃபில்டர் காற்றைத் தடுத்தால் கழுத்தில் உறிஞ்சல் கூடி, பெட்ரோல் கூடுதலாக ஏறும். அதையும் ஸ்க்ரூவால் சரிக்கட்டப் பார்ப்பது வீண் வேலை. ஃபில்டர் ஸ்பாஞ்ச் என்றால் கழுவி, எண்ணெய் தடவிப் போடலாம். எண்ணெய் ஊறிய பேப்பர் என்றால் கம்ப்ரசர் காற்று அடிக்காதே, புதிது வாங்கிப் போடு.

அந்த ஏர் ஸ்க்ரூவுக்கு எவ்வளவு அதிகாரம் என்று தெரிந்தால் உனக்குச் சிரிப்பு வரும். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போதும், ஆக்சிலேட்டர் கால் பங்கு திறக்கும் வரையும்தான் அதன் பேச்சு எடுபடும். கால் பங்கிலிருந்து முக்கால் வரை, ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் நீடிலின் ஆட்சி, அதற்கு மேல் மெயின் ஜெட். மெயின் ரோட்டில் 50இல் சீராகப் போகும்போது நீ செலவழிப்பது பெரும்பாலும் நீடில் கணக்கில். ஸ்க்ரூவைத் திருப்பி அந்த மைலேஜை ஏற்றுகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதே.

இன்னொன்று, இப்போது பங்கில் ஊற்றுவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த ஈ20. எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும். அதனால் பழைய பெட்ரோலுக்கு அளந்து வைத்த ஜெட்டில் ஈ20 போனால் கலவை தானாகவே கொஞ்சம் ‘லீன்’ ஆகிவிடும். அதன் மேல் மெக்கானிக்கும் பெட்ரோலைக் குறைத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? எத்தனாலால் மைலேஜ் குறையாதா என்றால், குறையும். பழைய இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 விழுக்காடு என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. 60இல் அது இரண்டரை கிலோமீட்டர்கூட வராது. உனக்குப் போயிருப்பது பதினைந்து. மிச்சத்தைத் தேட வேண்டாமா?

முதலில் அள. வண்டி ரிசர்வ் விழுந்ததும் பங்குக்குப் போய் சரியாக 3 லிட்டர் போட்டு, மீட்டரைக் குறித்துக்கொள். மறுபடி ரிசர்வ் விழும்போது பார். ‘போன வாரம் நூறு ரூபாய்க்குப் போட்டேன்’ என்பதெல்லாம் கணக்கில் சேராது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டிலிருந்து வந்து நம்ம புதுச்சேரிப் பக்கம் டேங்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள், லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று. உன் வண்டி அதைவிட அதிகமாக வழியிலேயே குடித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் சென்டர் ஸ்டாண்டு போட்டு பின்சக்கரத்தைக் கையால் சுற்று. ஒரு சுற்றோடு நின்றால் பிரேக் பிடிக்கிறது. செயினின் நடுவில் விரலால் தூக்கினால் 20இலிருந்து 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். டயர் காற்றையும் பார்த்துவிடு. இவ்வளவுக்கும் ஒரு பைசா செலவில்லை.

இனி கார்புரேட்டர் கிண்ணம். இதைப் பொறுமையாகச் செய். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், வெட்டவெளியாக இருக்க வேண்டும், பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடியிலுள்ள ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடி. வெளிச்சத்தில் சாய்த்துப் பார். அடியில் தனியாக ஒரு படலம் நின்றாலோ, உருண்டை உருண்டையாக ஏதாவது ஓடினாலோ அது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். ஐப்பசி மழையில் கம்பெனி வாசலில் நனைந்து நிற்கிற வண்டிக்கு, டேங்க் மூடி ரப்பர் காய்ந்திருந்தால் இது சாதாரணம். தண்ணீர் இல்லாமல் துருத்தூள் வந்தால் டேங்கையே கழுவ வேண்டும். டேப் திறந்திருக்கும்போது ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டினால் ஃப்ளோட் பின் தேய்ந்திருக்கிறது. அந்தச் சொட்டு போதும், உன் மைலேஜைத் தின்ன.

இதெல்லாம் முடிந்த பிறகு திருப்புளியை எடு. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்தி, அணைத்துவிடு. ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதிக்கொள். முட்டியதும் விட்டுவிடு, இறுக்கினால் முனை உடையும். பழைய இடத்துக்கே கொண்டுவந்து ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றி வை. இப்போது கால் சுற்று கால் சுற்றாக உள்ளே திருப்பு, இன்ஜின் தடுமாறும். வெளியே திருப்பு, அங்கேயும் தடுமாறும். இரண்டுக்கும் நடுவில் சத்தம் உச்சத்துக்குப் போகிற இடம் ஒன்று இருக்கும், அதுதான் அதன் இடம். பிறகு ஐடிலிங்கை 1,400 சுற்றுக்குப் பக்கமாக இறக்கு. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் உள்ளே போகப் போகப் பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கமாக இருந்தால் நேர் எதிர். இது தெரியாமல் திருப்புகிறவர்கள் அதிகம்.

செய்தது சரியா என்று பார்க்கப் புகைச் சோதனை மையத்துக்கே போகலாம். 2000 மார்ச்சுக்குப் பிறகு தயாரான உன் போன்ற நாலு ஸ்ட்ரோக் பழைய வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நின்றபடி ஓடும் இன்ஜினில் அந்த எண் எகிறினால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று அர்த்தம். நிஜமாகவே சைலன்சருக்குள் குழாயை விடுகிற மையமாகப் பார்த்துப் போ, அது முக்கியம். சில நாள் ஓட்டிய பின் பிளக்கையும் கழற்றிப் பார்: முனை காப்பிப்பொடி நிறமென்றால் நல்லது, கரிப்பிடித்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் குறைவு.

ரூமிலிருந்து கம்பெனி மூன்று கிலோமீட்டர் என்று சொல்லியிருந்தாய். இன்ஜின் சூடாவதற்குள் கேட் வந்துவிடும், பாதி வழி சோக்கிலேயே போகிறாய். அந்த ஓட்டத்துக்கு 60ஐ எதிர்பார்க்காதே. ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் வரை போய் வரும்போது வருகிற கணக்குதான் வண்டியின் உண்மைக் கணக்கு. அதுவும் 50க்குக் கீழே இருந்தால் கார்புரேட்டரை விட்டுவிட்டு, வால்வ் கேப்பையும் கிளட்ச் பிளேட்டையும் பார்க்கச் சொல். அவையும் சரியென்றால் நீடிலும் ஜெட்டும் தேய்ந்திருக்கும், அவற்றை அந்த மாடலின் ஒரிஜினல் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். கடையில் ‘மைலேஜ் ஜெட்’ என்று ஒன்றை நீட்டினால் வாங்காமல் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் மாமா