ஊர் என்னும் அந்நிய நாடு



புதிய நாடொன்றில் கால் வைப்பவன் முதலில் எதைக் கவனிக்கிறான்? வெயிலையா, மண்ணையா, மனிதர் பேச்சையா? உல்லாசப் பயணிகள் இதைப்பற்றி நிறைய எழுதியுள்ளனர். தாமாக விரும்பிப் புறப்படாதவர்களின் முதற்காட்சியை எழுதிவைத்தோர் குறைவு. அத்தகைய பயணமொன்று நமது சபரகமுவத் தோட்டங்களிலிருந்தே நடந்தது. நம் பிள்ளைகள் அதை அறிந்திருக்க வேண்டும்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மூட்டைகளை எண்ணுவதுபோல் மனிதரை எண்ணினார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிளந்தன. 1977இலும், பின்பு 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பகுதியிலும் நடந்த வன்செயல்கள், போகலாமா வேண்டாமா என்று தயங்கியிருந்தவர்களையும் பெட்டி கட்ட வைத்தன.

தலைமன்னாருக்குச் செல்லும் ரயிலுக்கு மலைநாட்டு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கதறி அழுதது அப்படி. தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பல். சில மணிநேரத்தில் இராமேஸ்வரம்.

அங்கே கண்டது என்ன? இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. றப்பர் மரநிழலில் பிறந்து, அட்டைக்கடியில் வளர்ந்தவர்களுக்கு எதிரே விரிந்தது மணல், பனைமரம், கண் கூசும் வெயில். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை இல்லை. லயத்து வாசலில் தாத்தா, பாட்டி சொல்லச் சொல்லக் கேட்ட 'ஊர்' இதுதானா என்ற திகைப்பு ஏற்படாதா?

பேச்சும் இடறியது. இருபுறமும் தமிழே, ஆனால் பாண் என்றால் கடைக்காரருக்கு விளங்கவில்லை, கோச்சி என்றால் சிரித்தார்கள், சவர்க்காரத்தைச் சோப்பு என்று கேட்கப் பழக வேண்டியிருந்தது. இங்கே 'இந்தியாக்காரன்' என்று ஒதுக்கப்பட்டவர் அங்கே இறங்கியதும் 'சிலோன்காரர்' ஆனார். அரசாங்கமோ 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதிக்கொண்டது. ஒருமுறையேனும் போயிராத இடத்துக்கு ஒருவர் எப்படித் 'திரும்ப' முடியும்? அந்தச் சொல் எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை.

கப்பலில் வந்தவர்களை அடுத்து ஏற்றுக்கொண்டது மண்டபம் முகாம். இதிலொரு விசித்திரம் உண்டு. இலங்கைக்கு வேலைக்கு வந்த முன்னோரைத் தடுத்துவைத்து, நோய் உண்டா என்று பார்த்து, அதன்பின் கப்பலேற்றியதும் இதே மண்டபத்தில்தான். பாட்டன் அக்கரையைப் பார்த்துக் காத்திருந்த இடத்தில், பேரன் இக்கரையை நினைத்துக் காத்திருந்தான்.

பிறகு பலருக்கு வியாபாரக் கடன் கொடுத்து அனுப்பினார்கள். விடியற்காலைக் குளிர்ச்சியில் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் சேர்க்கத் தெரிந்த கைகள் தராசு பிடித்தறியாதவை. கடன் கரைந்தது, கடையும் போயிற்று. கேரளத்தின் புனலூரிலும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் திறக்கப்பட்ட றப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஓரளவு அதிர்ஷ்டசாலிகள். பேச்சு மலையாளம், கன்னடம் என்றாலும் மரம் பழகிய மரம். நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியோருக்கு மலையும் மூடுபனியுமாவது தெரிந்த முகங்கள்.

1984இல் கப்பல் நின்றது. அதற்குள் பிள்ளைகளோடு சேர்த்து நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் போய்விட்டனர். ஒப்பந்தப்படி போக வேண்டியிருந்தும் போகாமல் இங்கேயே தங்கியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைப் பிரசாவுரிமை வழங்கியது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் கோத்தகிரியிலிருந்தோ கூடலூரிலிருந்தோ வந்த பழைய கடிதம் ஏதும் கிடந்தால், இந்த ஞாயிறு எடுத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். எழுதியவர் உங்களுக்கு என்ன முறை என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.