கையெழுத்து மட்டும் போதுமா? இணைய மனுவும் நம் மாநகர் மன்றமும்

இந்த மாதப் பாடத்தை என்னுடைய ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் உள்ள சந்தில் லோங்காங் மூடி ஒன்று காணாமல் போனது. நான் அன்று இரவே இணையத்தில் ஒரு மனு தொடங்கி, கல்லூரிப் புலனக் குழுக்களில் எல்லாம் பகிர்ந்தேன். நான்கு நாளில் 300 கையெழுத்து தாண்டியது. ஜொகூரிலிருந்தும் சென்னையிலிருந்தும்கூட ஆதரவு வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு பரீட்சை வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து, விடியற்காலையில் கோயிலுக்குப் புறப்பட்ட பாட்டி ஒருவர் அந்தக் குழியில் கால் வைத்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அன்றுதான் என் மனுவைத் திறந்து பார்த்தேன். அது யாருக்குப் போக வேண்டும் என்ற இடத்தை நான் நிரப்பவே இல்லை. 300 பேரின் கையெழுத்தும் என் திரையிலேயே கிடந்தது.

கீழ்மாடி அங்கிள் ஒருவர் மலாய் மொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுதினார். 14 வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டார்கள். இரண்டு படங்களை இணைத்து, முகப்பில் கொடுத்து, புகார் எண் வாங்கி வந்தார். பத்து நாளில் புது மூடி வந்தது. 300 பேரை வைத்துக்கொண்டு நான் செய்யாததை, 14 வீட்டை வைத்து அவர் செய்தார். ஏன் என்று யோசித்ததில் கிடைத்ததுதான் இந்தப் பாடம்.

கையெழுத்து ஓட்டு அல்ல

ஜார்ஜ் டவுனில் 1951-இல் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1957 ஜனவரி 1-இல் ஜார்ஜ் டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயராக இருந்தவர் டி.எஸ். இராமநாதன். நாம் இன்னும் ஸ்காட்லாந்து ரோடு என்று சொல்கிறோமே, அந்தச் சாலைக்கு இப்போது அவர் பெயர்தான். அந்தக் காலத்தில் 300 கையெழுத்து என்றால் உறுப்பினருக்கு அது 300 ஓட்டு.

1965-இல் நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அவற்றுக்கு முடிவு கட்டியது. தேர்தலைத் திரும்பக் கொண்டுவர பினாங்கு மாநிலம் 2012-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆக, இன்று மேயரையும் மாநகர் மன்ற உறுப்பினர்களையும் நியமிப்பது மாநில அரசு.

இதனால்தான் வெளிநாட்டு முறையை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் இணைய மனுவில் 10,000 கையெழுத்து வந்தால் அரசாங்கம் பதில் தரும். 100,000 வந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். நாம் தனியார் தளத்தில் தொடங்கும் மனுவுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. எண்ணிக்கை கவனத்தை ஈர்க்கும், அவ்வளவுதான். வேலையை நகர்த்துவது காரணமும் ஆதாரமும் சரியான முகவரியும்.

கண்ணகி காட்டிய வழி

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவைக்குப் போன காட்சி நமக்குத் தெரியும். அவள் கோபத்தை மட்டும் கொண்டுபோகவில்லை. தீர்ப்புச் சொன்ன அரசனின் வாசலுக்கே போனாள். தன் ஊரையும் பெயரையும் சொன்னாள். என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று, சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொன்னாள். அரசியின் சிலம்பிலோ முத்து. உடைத்ததும் உண்மை தெரிந்துவிட்டது. நல்ல மனுவுக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது.

1. சரியான வாசல். தீவில் உள்ள சந்து, லோங்காங், குப்பை, அங்காடிக் கடை உரிமம் என்றால் பினாங்குத் தீவு மாநகர் மன்றம். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம். அடுக்குமாடி வளாகத்துக்குள் என்றால் முதலில் அதன் நிர்வாகக் குழு. கூட்டரசுச் சாலைக்குப் பொதுப்பணித் துறை, ஆற்றுக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறை. வாசல் மாறினால் மனு மேசை மேசையாகச் சுற்றும்.

2. ஒரே கோரிக்கை. "எங்கள் தாமானைக் கவனியுங்கள்" என்று எழுதினால் யாராலும் செய்து முடிக்க முடியாது. "இந்தச் சந்தில், இந்த விளக்குக் கம்பத்துக்கு அருகே, மூடி இல்லாத கால்வாய்க்கு மூடி போடுங்கள்" என்றால் செய்யலாம். செய்தார்களா என்று நாமும் பார்க்கலாம்.

3. ஆதாரம். தேதியும் இடமும் தெரியும் படங்கள் வேண்டும். வெள்ளம் என்றால் ஒரு நாள் படம் போதாது. நான்கைந்து மழை நாட்களின் குறிப்பு, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது, எத்தனை மணிக்கு வடிந்தது என்று எழுதி வையுங்கள்.

4. யார் கையெழுத்து? அந்தத் தெருவில் வசிப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கோயிலுக்கும் பள்ளிக்கும் அந்த வழியே போகிறவர்கள் முதலில் வரட்டும். வெளியூர் ஆதரவைத் தனியாகக் காட்டுங்கள். அடையாள அட்டை எண்ணை, யாரும் பார்க்கக்கூடிய இணையப் பக்கத்தில் கேட்கவே கேட்காதீர்கள். நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டை யார் மேலும் எழுதாதீர்கள்; அது அவதூறு வழக்கில் போய் நிற்கலாம்.

5. கையில் கொடுத்து எண் வாங்குவது. இணையத்தில் சேர்ந்ததை அச்சிட்டு, ஒரு பக்கக் கடிதத்தோடு கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். உங்கள் பகுதி மாநகர் மன்ற உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் பிரதி அனுப்புங்கள். உறுப்பினர் நியமிக்கப்பட்டவர், சட்டமன்ற உறுப்பினரோ நம் ஓட்டில் வந்தவர். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால், அந்த எண்ணைச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். ஊராட்சிச் சட்டப்படி மாநகர் மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுவாக மக்கள் பார்க்கத் திறந்ததே. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மனு போதாத இடம்

சில விஷயங்களுக்கு மனு வெறும் ஆரம்பம்தான். சுங்கை ஆரா மலைச்சரிவில் ஒரு பெரிய வீடமைப்புத் திட்டத்துக்கு 2012-இல் அன்றைய நகராண்மைக் கழகம் அனுமதி கொடுத்தது. பக்கத்துக் குடியிருப்பாளர்கள் நகர், கிராமத் திட்டச் சட்டத்தின் கீழ் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனார்கள். 2015-இல் வாரியம் அனுமதியை ரத்து செய்தது. அதற்குப் பிறகு கீழ் நீதிமன்றங்களில் முடிவு அவர்களுக்கு எதிராகப் போனது. அவர்கள் விடவில்லை. 2023-இல் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பத்து வருஷத்துக்கு மேல் பிடித்திருக்கிறது!

அதே சட்டம் நமக்கு இன்னொன்றையும் சொல்கிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் கட்டுமான விண்ணப்பம் வந்தால், அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். 21 நாளுக்குள் அவர்கள் ஆட்சேபம் எழுதலாம். அந்த 21 நாளையும் இணையத்தில் ஆதரவு சேர்ப்பதிலேயே கழித்துவிட்டால், ஆயிரம் கையெழுத்து இருந்தும் ஆட்சேபம் என்று ஒரு கடிதம் கோப்பில் இருக்காது. இப்படிப்பட்ட அறிவிப்புக் கடிதம் பெரும்பாலும் அப்பா, அம்மா பெயரில் வரும். வீட்டில் வந்தால் நாம் வாசித்து விளக்க வேண்டும்.

உழவாரம்

அப்பர் பெருமான் பாடியதோடு நிற்கவில்லை. உழவாரப் படையைக் கையில் ஏந்திக் கோயில் வழியில் முளைத்த புல்லைச் செதுக்கினார். ஒரு பொத்தானை அழுத்திக் கையெழுத்திடுவது நல்ல மனசைக் காட்டும். அதை அச்சிட்டு, கொண்டுபோய்க் கொடுத்து, எண் வாங்கி, திரும்பத் திரும்பக் கேட்பதுதான் உழவாரம். அந்தப் பாட்டிக்குத் தேவைப்பட்டது அதுதான். நான் அதைச் செய்யவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன்

• உங்கள் கோயில் அல்லது வீடு இருக்கும் தெருவில், ஒரே வாக்கியத்தில் எழுதக்கூடிய ஒரு குறையைக் கண்டுபிடியுங்கள்.
• அது யாருடைய பொறுப்பு என்று விசாரித்து எழுதுங்கள்.
• அங்கே தினமும் நடக்கும் பெரியவர் ஒருவரிடம், அது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேளுங்கள். மனுவின் முதல் வரி அவர் வாயிலிருந்தே கிடைக்கும்.

குறிப்புகளைக் கொண்டு வாங்க. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடிதத்தை அங்கேயே சேர்ந்து எழுதுவோம். அடுத்த நாள் இரண்டு பேர் நேரில் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். அதில் ஒருவன் நான்.