கூட்டு வியாபாரத்துக்கு எழுத்து அவசியம்



கிளமெண்டியில் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் ஒரு மளிகைக் கடையை மச்சான்மார் இருவர் சேர்ந்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 60,000 வெள்ளி முதல் போடுகிறார். மற்றவர் 10,000 வெள்ளி போட்டு, காலை முதல் இரவு வரை கடையில் நிற்கிறார். எழுத்து ஏதும் இல்லை. வருஷ முடிவில் லாபம் 30,000 வெள்ளி. இதை எப்படிப் பிரிப்பது?

முதல் போட்டவர், "முதலுக்குத் தக்கபடி பிரிக்க வேண்டும்" என்பார். கடையில் நின்றவர், "என் உழைப்புக்குச் சம்பளம் கழித்த பிறகே பிரிக்க வேண்டும்" என்பார். சிங்கப்பூரின் கூட்டுத்தொழில் சட்டம் இரண்டையும் ஏற்பதில்லை. பங்காளிகள் வேறு விதமாக உடன்படாதவரை லாபமும் நஷ்டமும் சமபாகம். பங்காளிக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே ஆளுக்கு 15,000 வெள்ளி. கணக்குத் தீர்ந்துவிடும், மனத்தாங்கல் தீராது.

"சொந்தக்காரனிடம் எழுத்துக் கேட்பதா?" என்று நம்மவர் பலர் கூசுவதுண்டு. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். தவணைக் கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் சொல்கிறது அது. எழுதுவது சந்தேகத்தின் அடையாளமாயின், மார்க்கம் அதை ஏவியிருக்குமா?

கடை திறக்குமுன் எழுத வேண்டியவை:

1. யார் எவ்வளவு முதல் போட்டார்? அது பங்கா, கடனா?

2. லாப நஷ்டம் எந்த விகிதத்தில்? கடையில் நிற்பவருக்கு மாதம் எவ்வளவு?

3. வீட்டுச் செலவுக்குப் பணம் எடுத்தால் பேரேட்டில் யார் பெயரில் பற்று எழுதுவது?

4. இரண்டாவது கிளை திறக்கவோ, பெரிய கடன் வாங்கவோ, புதிய பங்காளியைச் சேர்க்கவோ யார் யாருடைய சம்மதம் வேண்டும்?

5. ஒருவர் விலகினாலும், மவுத்தானாலும் அவர் பங்குக்கு விலை கணக்கிடுவது எப்படி? எத்தனை மாதத்தில் கொடுப்பது?

ஐந்தாவதைத்தான் நாம் பேசத் தயங்குகிறோம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், ஒரு பங்காளி இறந்ததும் கூட்டு கலைந்துவிடும். அவருடைய சொத்து ஃபராயிள்படி மனைவி மக்களுக்குப் பிரியும். விதவையும் பிள்ளைகளும் கடை வாசலில் வந்து நிற்கும்போது, "வாப்பாவின் பங்கு எவ்வளவு?" என்ற கேள்விக்கு ஏட்டில் பதில் இருக்க வேண்டாமா?

வியாபாரம் வளரும்போது பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றிக்கொள்வது நல்லதே. கூட்டுக் கடையின் கடனுக்குப் பங்காளியின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். கம்பெனியில் பங்குதாரரின் பொறுப்பு அவர் எடுத்த பங்கோடு நிற்கும். ஆனால் வங்கிக்குச் சொந்த ஜாமீன் எழுதிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு அந்தக் கடனுக்கு இல்லை. பங்குதாரர் இறந்தாலும் கம்பெனி நீடிக்கும்.

எனினும், கம்பெனியாகப் பதிந்துவிட்டால் மட்டும் போதாது. முஸ்தபா நிறுவனத்தை நாம் எல்லோரும் அறிவோம். 1971-இல் கேம்பல் லேனில் சிறு துணிக்கடையாகத் தொடங்கிய குடும்ப வியாபாரம் அது. பின்னர் கம்பெனியாகி, 1995-இல் சையது ஆல்வி சாலையில் முஸ்தபா சென்டராக உயர்ந்தது. முஹம்மது முஸ்தபா 2001-இல் காலமானார். பிற்காலத்தில் பங்குகள் பற்றிக் குடும்பத்தாரிடையே வழக்கு எழுந்து, 2022-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் நிலை வந்தது. யார் பக்கம் நியாயம் என்று எடைபோடுவது நம் வேலையன்று. அவ்வளவு பெரிய ஸ்தாபனத்துக்கே அந்தக் கேள்வி வந்ததென்றால், நம் சிறு கடைகளுக்கும் வரலாம் என்பதே நாம் கொள்ள வேண்டிய படிப்பினை.

ஆகவே கூட்டாகக் கடை நடத்தும் சகோதரர்கள், இன்றிரவே பங்காளியுடன் அமர்ந்து மேற்சொன்ன ஐந்துக்கும் விடை எழுதுங்கள். வக்கீலிடம் காட்டித் திருத்தி, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய பங்காளி சேரும்போதும், புதுக் கிளை திறக்கும்போதும் அதை மாற்றி எழுதுங்கள். லாபம் இந்த வருஷம் குறைந்தால் அடுத்த வருஷம் ஈடு செய்யலாம். முறிந்த உறவை ஈடு செய்வது கஷ்டம்.